கடல் பக்கம்

சாப்பாட்டு மேசையில் எஞ்சின் நிற்கிறது.
மூன்று அடிக்கு இரண்டு விரல் குறைவு.
நாங்கள் குசினிக் கட்டில் தட்டை வைத்து
நின்றபடி தின்கிறோம், ஏழு மாதமாய்.
தேவராஜன் ஒன்றும் சொல்வதில்லை.
போன கிழமை மட்டும்
"இதுக்கு எப்ப ஸ்டேஷன் வரும்?" என்றான்.

பல் செய்வது என் தொழில்.
காலி வீதியில், மருந்துக்கடைக்கு மேல் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
முதல் வருடம் நான் செய்த பற்கள் எல்லாம்
பளீரென்று பொய் சொல்லின.
பிறகுதான் பிடிபட்டது:
பக்கத்துப் பல்லைப் பார்,
அது குடித்த தேத்தண்ணியைப் பார்,
விளிம்பில் மயிரளவு ஒரு விரிசல் கீறு.
வாய் தன் ஆளென்று சேர்த்துக்கொள்ளும்.

எஞ்சினுக்கு உடம்பு சுலபமாய் வந்தது.
பிஸ்கட் தகரம், ஈயம், பசை.
சின்னச் சாமான்கள்தான் உயிரை வாங்கின.
கைபிடிக் கம்பி பதினெட்டும் கிற்றார் நரம்பு.
பிறேக் குழாய்க்கு சேலைன் ரியூப்.
முன்மூக்குச் சல்லடைக்குத் தேயிலை வடியின் வலை;
தேவராஜன் இரண்டு நாள் தூள் மிதக்கக் குடித்தான்.
ரிவெற் ஒவ்வொன்றும்
ஊசி நுனியால் வைத்த பசைப் பொட்டு.
எண்ணூற்றுப் பன்னிரண்டு இருக்கவேண்டும்.
ஒன்று குறைகிறது. எங்கே என்று சொல்லமாட்டேன்.

அசல் வண்டி கனடாவில் செய்தது.
தங்கச்சியும் இப்போது அங்கேதான்.
படம் அனுப்பினேன்.
"குளிருக்கு உடுப்பில்லாமல் நிக்குது" என்று பதில்.

துருவில்தான் எனக்குப் பெருமை.
வெள்ளவத்தைப் பிளாட்பாரத்தில்
எத்தனை பின்னேரம் நின்று யோசித்தது:
தெற்கே போகையில் வலப் பக்கம் கடல்.
முகம் திரும்பாமல் பின்வளமாய் வந்தாலும்
அதே விலாவுக்குத்தான் கடல்.
அப்படியென்றால் உப்பு ஒரு பக்கத்தைத்தானே தின்னும்?
இரும்புப் பஞ்சை வினாகிரியில் ஊறவைத்து
வலப் பக்கம் முழுக்கத் தடவினேன்,
கதவடி, படியோரம், இலக்கத்தின் வால்வரை.
இடப் பக்கத்தை விட்டுவிட்டேன்,
சோதினைக்குப் போகும் பிள்ளைபோல.

லயனல் அமரதுங்க வந்தார்.
எஞ்சின் சாரதி. கீழ்த்தாடை, இடது, ஆறாம் பல்.
நிறம் பார்க்கக் கூப்பிட்டார்கள்.
போனில் படத்தைக் காட்டினேன்.
மரத்த வாயோடு நெடுநேரம் பார்த்தார்.
"சோத்துப் பார்சல் எங்கே வைப்பது?" என்றார் முதலில்.
பிறகு, "இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு சுத்தம்?"
விளக்கினேன், என்னிடம் இருந்த சிங்களம் முழுவதிலும்.
சிரித்தார். எச்சில் நாடியில் வழிந்தது.
"ஷெட்டில் திருப்பு மேசை இருக்கிறது, மிஸ்.
இன்றைக்கு இந்த விலா, நாளைக்கு அந்த விலா.
கடல் ஆள் பார்ப்பதில்லை."

அன்றிரவு பார்சல் செய்தேன், முதலில் அதை.
பேப்பரில் ஆகப் பொடி எழுத்து லொத்தர் முடிவு.
அதிலே நகமளவு வெட்டி
ரவை இரண்டு வைத்து மடித்து
சாரதியின் இருக்கைக்குப் பின்னால் செருகினேன்.
யாருக்கும் தெரியாது. கூரை மூடிவிட்டது.

பிறகு தூரிகையை எடுத்தேன், இடப் பக்கத்துக்கு.
கை போகவில்லை.
இந்த வீட்டில் ஃபேன், பூட்டு, ஃபிரிட்ஜ் கால்
எல்லாவற்றுக்கும் யார் தடவிவிட்டது?

தேவராஜனை எழுப்பினேன்.
அவன் ஒரு முனை, நான் ஒரு முனை,
மூச்சைப் பிடித்துத் தூக்கி
முழு எஞ்சினையும் திருப்பி வைத்தோம்.
ஜன்னலைத் திறந்தேன். தண்டவாளம், அதற்கப்பால் இருட்டு,
இருட்டுக்குள் அலை.
பல் கீறும் கொக்கியால்
இடப் பக்கப் பெயின்றில் ஒரே ஒரு கோடு,
தகரம் தெரியுமளவு.

"எவ்வளவு நாள் எடுக்கும்?" என்றான்.
பதில் தெரியாது.

லயனலின் பல் வியாழன் சூளைக்குப் போகிறது.
கறையை இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன்.